தீடையில் ஒரு பகல்

படகு கிளம்பும் முன் கேப்டன் எங்கள் பன்னிரண்டு பேரையும் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: தண்ணீர் இருக்கிறதா? பன்னிரண்டு தலைகளும் ஆடின. என் தலையும் சேர்ந்துதான் ஆடியது. ஆறு பாட்டில் தண்ணீரும் தயிர்சாதமும் இருந்த பை காரின் பின்சீட்டிலேயே கிடக்கிறது என்பது எனக்கு உறைத்தபோது, துறை சிறுத்துப்போய்த் தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். தோள்பையைத் துழாவி, பாதி காலியான ஒரு பாட்டிலையும் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தையும் எடுத்துக் காட்டினார். "போதும் மாப்ள. நாலு மணி நேரந்தான?" என்றார். தாகத்துக்கு மக்ரூனைப்போல ஆகாத பண்டம் வேறில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வடக்குக் கரோலினாவில், ராலேயைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கூட்டிப்போகும் இடங்களும் எல்லோருக்கும் ஒன்றேதான்: கோயில், மலை, வாஷிங்டன். மூன்றும் முடிந்துவிட்டன. கோயில் மூன்று தடவை முடிந்துவிட்டது. "கடல் ஒண்ணும் கிடையாதா ஒங்க ஊர்ல?" என்று ஒரு நாள் இரவு கேட்டார். துறைமுகத்துக் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். கடலைக் கண்ணில் காணாமல் ஆறு வாரம் இருந்ததே பெரிது. மனைவிக்கு அந்தச் சனிக்கிழமை வேலை. நாங்கள் இருவர் மட்டும் காலை ஐந்தரைக்குக் கேரியிலிருந்து காரை எடுத்தோம்.

நெடுஞ்சாலை 70 கிழக்கே போய்க்கொண்டே இருக்கிறது. கோல்ட்ஸ்பரோ, கின்ஸ்டன், நியூ பெர்ன். அக்டோபர் என்பதால் இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. அதைத் தவிர இந்த வழியில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மோர்ஹெட் சிட்டி வந்தபோதுதான் காற்றில் உப்பு ஏறியது. அடுத்தது போஃபர்ட். தெற்குக் கரோலினாவிலும் இதே எழுத்துகளில் ஓர் ஊர் உண்டு, ஆனால் அதைப் 'பியூஃபர்ட்' என்பார்கள். இரண்டையும் மாற்றிச் சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கோபம் வரும். அதையும் தாண்டி, சாலை சதுப்புக்குள் இறங்கி, பாலம் ஏறி, ஹார்க்கர்ஸ் ஐலண்டில் முடிகிறது. படகுகட்டிகளின் ஊர். தீவின் கிழக்குக் கோடியில் தேசியப் பூங்காத் துறையின் அலுவலகமும் படகுத்துறையும் இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே, பேக் சவுண்ட் என்ற ஆழமில்லாத உப்பங்கழிக்கு அப்பால், அடிவானத்தில் கோடு கிழித்தாற்போலத் தெரிவதுதான் ஷாக்கிள்ஃபோர்டு பேங்க்ஸ். நீளம் சுமார் 9 மைல். வீடில்லை, கடையில்லை, சாலையில்லை, மின்சாரமில்லை. குப்பைத் தொட்டிகூட இல்லை. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆள்கள் பகலில் போய்வரலாம், கூடாரம் போட்டு இரவும் தங்கலாம். குடியிருப்பவர் ஒருவருமில்லை.

நாங்கள் போனது மடவைக் காலம். எனக்கு அது தெரியாது. படகின் இடப்பக்கம் தண்ணீர் திடீரென்று கொதிப்பதுபோலக் குமிழியிட்டது. வெள்ளியாக ஒன்று துள்ளி விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு பத்துப் பதினைந்து.

"மாப்ள, அது மடவைல்லா!" மாமா எழுந்தே நின்றுவிட்டார். கேப்டன் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். "மடவைதான். சந்தேகமே இல்ல. இந்தத் துள்ளல் வேற எதுக்கும் வராது."

கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இவர்கள் மல்லட் என்பதும் தூத்துக்குடிக்காரர்கள் மடவை என்பதும் ஒரே மீன். வெதுவெதுப்பான கடல்கள் எல்லாவற்றிலும் உண்டு. இலையுதிர் காலத்தில் சினை முற்றி, பெருங்கூட்டமாகக் கழியிலிருந்து கடலுக்கு இறங்கும். இந்தக் கரையோரம் ஒரு காலத்தில் மடவையால்தான் பிழைத்தது. உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து உள்நாட்டுக்கு அனுப்புவார்கள். மோர்ஹெட் சிட்டிக்கு வந்த ரயில் பாதைக்கே 'மல்லட் லைன்' என்றுதான் பட்டப்பெயர். இதைச் சொன்னதும் மாமாவுக்கு அமெரிக்கா மேல் முதன்முறையாக ஒரு மரியாதை வந்தது. "சினையையும் திங்காங்களா?" என்றார். உப்பிட்டு வெயிலில் காயவைத்துத் தின்கிறார்கள் என்றேன். அதன்பிறகு அவர் அந்தக் கரையை வேற்று ஊராகப் பார்க்கவில்லை.

பேங்க்ஸ் என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பாடப்புத்தகம் 'தடுப்புத் தீவு' என்கிறது. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் இந்தத் தீவு எதையும் சுவர்போல நின்று தடுப்பதில்லை. ராமேஸ்வரத்து மீனவர்கள் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல் திட்டைத் 'தீடை' என்பார்கள். இந்தக் கரையோரத்து ஆள்கள் பேங்க்ஸ் என்று சொல்வதும் ஏறக்குறைய அதே பொருளில்தான். பாறை கிடையாது, அடித்தளம் கிடையாது. அலையும் காற்றும் சேர்த்து வைத்த மணல், அதைப் பிடித்து வைத்திருக்கும் புல், அவ்வளவுதான்.

பிடித்து வைத்திருக்கிறது என்பதுகூடச் சரியில்லை. புயல் வந்தால் அலை தீடையின் மேலேறி, முன்பக்க மணலை வாரிப் பின்பக்கக் கழியில் கொட்டும். கொட்டிய மணலில் புல் முளைக்கும். முன்பக்கம் கரையும், பின்பக்கம் வளரும். இப்படியே தலைகீழாகப் புரண்டு புரண்டு, தீவு மொத்தமும் மெல்ல நிலத்தை நோக்கி நகரும். புயலின் விசையை அது தாங்குவது நகர்ந்து கொடுப்பதால்தான். நகரவிடாமல் அதன்மேல் சாலையும் ஓட்டலும் கட்டிய இடங்களில் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கோடிக்கணக்கான டாலருக்கு மணல் வாங்கிக் கொட்டுகிறார்கள். இங்கே அந்தச் செலவு இல்லை. 1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் கேப் லுக்அவுட் தேசியக் கடற்கரையை அமைத்தது. சுமார் 56 மைல் தீடைகள் கட்டடக்காரர்களின் கையில் சிக்காமல் தப்பின.

இறங்குதுறை என்று எதுவும் இல்லை. படகு மூக்கை மணலில் வைத்தது, ஏணியைப் போட்டார்கள், முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். மாமா வேட்டியில் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார். மாலை மூன்றரைக்கு இதே இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படகு திரும்பியது. அதன் சத்தம் தேய்ந்த பிறகுதான் அலையின் சத்தம் கேட்டது. தீவின் மறுபக்கத்திலிருந்து, மணல்மேட்டுக்கு அப்பாலிருந்து.

கிழக்கே, ஒரு கால்வாய்க்கு அந்தப் பக்கம், கேப் லுக்அவுட் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1859இல் கட்டியது, 163 அடி. வெள்ளைக் கோபுரத்தில் கறுப்பு டைமன்கள், சீட்டுக்கட்டில் வருமே, அதே வடிவம். 1873இல் இந்த வண்ணம் அடித்தார்கள். அழகுக்கு அல்ல: கறுப்பு டைமன்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், வெள்ளை டைமன்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். பகலில் வரும் கப்பல்காரன் இது எந்த விளக்கம் என்பதோடு, தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் நின்ற இடத்தின் பெயரே அந்தக் கட்டங்களிலிருந்து வந்ததுதான். டைமண்ட் சிட்டி. சிட்டி என்றால் சிட்டியில்லை. தீவின் இந்தக் கிழக்குக் கோடியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த ஒரு மீனவர் குடியிருப்பு. உச்சத்தில் சுமார் 500 பேர். வீடுகள், பள்ளி, கடை, தோட்டம், மடவை வலை. பிப்ரவரி, மார்ச்சில் மணல்மேட்டின் உச்சியில் ஒருவன் காவல் இருப்பான். திமிங்கிலம் தெரிந்தால் கத்துவான். துடுப்புப் படகுகளைக் கடலில் தள்ளிக்கொண்டு ஈட்டியோடு போவார்கள். பிடித்த ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் பெயர் வைத்தார்கள். எனக்கு இதில் தீராத வியப்பு. கொன்ற பிறகு பெயர் வைக்கும் வேட்டைக்காரர்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. 1874இல் பிடித்ததற்கு 'மேஃபிளவர்' என்று பெயர். அதன் எலும்புக்கூடு இன்றும் ராலே இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் கூரையில் தொங்குகிறது. பத்து வருஷமாக அதன் அடியில் நின்று குழந்தைகளுக்குப் படம் எடுத்திருக்கிறேன். அது எந்த மேட்டிலிருந்து யார் கண்ணில் பட்டது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மேஃபிளவர் ஒரு ரைட் திமிங்கிலம். அந்த இனம் வட அட்லாண்டிக்கில் இன்று 400க்கும் குறைவு.

"வீடெல்லாம் எங்க?" என்றார் மாமா.

ஒன்றுமே இல்லை. செங்கல் இல்லை, கிணற்றின் வளையம் இல்லை. முள்ளும் புல்லும் குட்டை சீடார் மரங்களும்தான். 1896இல் ஒரு புயல், 1899 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய ஒன்று. அந்த இரண்டாவது, போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்துவிட்டு வந்தது. அங்கே அது கரையேறிய நாளின் புனிதர் பெயரால் சான் சிரியாக்கோ என்பார்கள். கடல் முன்பக்கமும் கழி பின்பக்கமும் ஏறி வந்து வீடுகளுக்குள் சந்தித்துக்கொண்டன. தோட்டத்து மண் உப்பாயிற்று. கிணறு உப்பாயிற்று. கல்லறையின் சவப்பெட்டிகள் வெளியே வந்தன.

"தனுஷ்கோடி மாதிரி," என்றார் மாமா. 1964இல் அவருக்குப் பத்து வயது. புயலில் ரயில் கடலோடு போன செய்தி வந்த காலை அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியிருந்தது. ஆனால் இங்கே நடந்தது வேறு. தனுஷ்கோடியைக் கடல் ஒரே இரவில் எடுத்துக்கொண்டது. டைமண்ட் சிட்டிக்காரர்கள் புயலுக்குப் பிறகு உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று முடிவுசெய்து, வீட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. பலகை பலகையாகக் கழற்றினார்கள். இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஏற்றினார்கள். நாங்கள் காலையில் வந்த அதே பேக் சவுண்டைக் கடந்து ஹார்க்கர்ஸ் ஐலண்டிலும் மோர்ஹெட் சிட்டியிலும் திரும்பப் பூட்டிக்கொண்டார்கள். மோர்ஹெட் சிட்டியில் அவர்கள் குடியேறிய பகுதிக்கு இன்றும் 'பிராமிஸ் லேண்ட்' என்று பெயர். 1902க்குள் இங்கே ஒரு வீடும் இல்லை. இடம் மாறும் மணலில் குடியிருந்தவர்களுக்கு வீடு என்பதும் மாற்றி வைக்கக்கூடிய பொருளாகத்தான் இருந்திருக்கிறது. ஆணி அடிக்கும்போதே கழற்றும் நாளை நினைத்து அடித்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு இது தனித் தீவுகூட இல்லை. விளக்கமும் ஊரும் ஒரே தீடையில் இருந்தன. 1933 புயல்தான் நடுவே கடலை வெட்டிவிட்டது. விளக்கத்தின் பெயரை வைத்துக்கொண்ட ஊருக்கும் விளக்கத்துக்கும் நடுவே இப்போது பார்டன் இன்லெட் ஓடுகிறது. ஊர் போய் முப்பது வருஷம் கழித்து.

ஆள்கள் போனாலும் அவர்களின் ஆடுமாடுகள் இங்கேயே மேய்ந்துகொண்டிருந்தன. போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் மீன்பிடிக் குடிசைகள் போட்டுக்கொண்டு வந்துபோனார்கள். தேசியக் கடற்கரை என்று ஆன பிறகு, 1980களின் நடுவில், குடிசைகள் அகற்றப்பட்டன. ஆடுமாடுகளும் பிடித்துச் செல்லப்பட்டன. ஹார்க்கர்ஸ் ஐலண்டில் அந்தக் கசப்பு இன்னும் முழுதாகக் கரையவில்லை. தாத்தா வீடு இருந்த மண்ணில் பேரன் குடிசை போடக் கூடாது. கூடாரத்தோடு வரும் வெளியூர்க்காரன் படுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. பேரனின் இடத்தில் நான் இருந்தால் புரிந்திருக்குமா என்று தெரியாது.

குதிரைகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.

சின்ன மேட்டைத் தாண்டியதும் நின்றன. ஐந்து. செம்பழுப்பில் நான்கு, கறுப்பாக ஒன்று. நம் ஊர் ஜட்கா குதிரையைவிடச் சற்றுக் கட்டை; வயிறு உப்பல், பிடரி முகத்தை மறைத்துத் தொங்கியது. 50 அடிக்குள் போகக் கூடாது என்று விதி. நாங்கள் நூறடியிலேயே நின்றோம். மூக்கை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி புல்லில் இறங்கின. உப்புச் சதுப்பில் வளரும் அந்தப் புல்தான் அவற்றின் பிரதான சாப்பாடு. சுற்றுவட்டாரத்தில் சொல்லப்படும் கதை, உடைந்த ஸ்பானியக் கப்பல்களிலிருந்து நீந்திக் கரையேறியவை என்பது. ரத்தப் பரிசோதனையில் பழைய ஸ்பானிய வம்சக் குதிரைகளில் காணும் அரிய மரபுக்கூறு ஒன்று கிடைத்திருக்கிறது. கப்பல் உடைந்ததற்குச் சாட்சி இல்லை, வம்சத்துக்கு இருக்கிறது.

காட்டுக் குதிரை என்கிறோம். ஆனால் இவற்றைப் போலக் கணக்கு வைத்திருக்கப்படும் மிருகங்கள் குறைவு. 1996இல் தொற்று ரத்தசோகை நோய் கண்டு 76 குதிரைகளைக் கொன்றார்கள். ஊர் கொதித்தது. 1998இல் நாடாளுமன்றம் இவற்றுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. பிறகு அதைத் திருத்தி, எண்ணிக்கை 110க்குக் கீழே போகக் கூடாது, 120 முதல் 130 வரை இருக்கலாம் என்று வைத்தார்கள். ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் தெரிந்து குறித்து வைத்திருக்கிறார்கள். பெருகிவிடாமல் இருக்கப் பெண்குதிரைகளுக்குத் தொலைவிலிருந்து ஊசி எய்து கருத்தடை. ஆளில்லாத தீவை ஆளில்லாமல் வைத்திருக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டரை மணிக்கு எங்கள் பாட்டில் தீர்ந்தது. அக்டோபர் வெயில்தான், ஆனால் மணலில் நிழலே இல்லை. மேட்டுக்குப் பின்னால் காற்றில் வளைந்த லைவ் ஓக் மரங்களின் அடியில் உட்கார்ந்தோம். மக்ரூனை நானும் அவரும் பார்த்தோமே தவிரத் தொடவில்லை. அப்போது அந்தக் கறுப்புக் குதிரை, நாங்கள் இருந்த பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தனியாக வந்து, முன்னங்காலால் மணலைப் பறிக்கத் தொடங்கியது. விளையாட்டு என்று நினைத்தேன். பறித்தது, நின்றது, மறுபடி பறித்தது. முகத்தைப் பள்ளத்துக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. நிமிர்ந்தபோது முகவாயிலிருந்து நீர் சொட்டியது.

"ஊத்து தோண்டுது மாப்ள," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

ஊற்றேதான். பெய்த மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைவிட லேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. இரண்டு மூன்றடியில் கிடைக்கும். டைமண்ட் சிட்டிக் கிணறுகளும் இதே நீரை நம்பித்தான் இருந்தன. கடல் ஒரு தடவை மேலேறினால் கெட்டுவிடும், மழை பெய்து பெய்துதான் மறுபடி தெளியும். மனிதர்கள் காத்திருக்க முடியாமல் போனார்கள். குதிரைகள் காத்திருந்தன. நாங்களும் போய் அதில் கையை விட்டிருக்கலாம். தாகம் அந்த அளவு இருந்தது. குதிரை நகரவில்லை, விதி 50 அடி. மாமா உதட்டை நக்கிக்கொண்டு, "தெரிஞ்சுதான் இருக்கு கழுதைக்கு," என்றார். குதிரையைத்தான் சொன்னார்.

ஒன்றரை வாக்கில் கடல் பக்கம் இறங்கினோம். அலை ஓரம் சங்குகள் கிடந்தன, பாதி உடைந்தவை. உயிரில்லாத வெறும் சங்கை எடுத்துப்போகலாம். மாமா குனிந்து ஒன்றை எடுத்தார். ஒரு முழங்கை நீளம் இருக்கும். மணலைத் தட்டினார், திருப்பினார், மறுபடி திருப்பினார். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"மாப்ள. இது வலம்புரி."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் சங்கு குளித்த காலத்தை அறிந்தவருக்கு அந்தச் சொல் எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும். லட்சம் சங்கில் ஒன்று என்பார்கள். கூர்முனையை மேலே வைத்துப் பார்த்தேன். வாய் இடப்பக்கம் திறந்திருந்தது. சாதாரணச் சங்குக்கு வலப்பக்கம் இருக்கும். அவர் கண்ணில் தவறில்லை.

சொல்லவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். சொன்னேன். இது வேறு இனம். லைட்னிங் வெல்க் என்பார்கள். இந்த இனத்தில் எல்லாமே இப்படித்தான் சுழியும். இடம்புரிதான் இதில் அதிசயம். இங்கிருந்து போகும் இந்தச் சங்குகளைத்தான் நம் ஊரில் வலம்புரி என்று சொல்லி ஏமாற்றி விற்கிறார்கள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கோமதியக்கா வீட்டுல பூஜைல ஒண்ணு வச்சிருக்கா," என்றார். "எழுபதாயிரம் குடுத்து வாங்குனது." இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்க ஆரம்பித்தார். நின்ற இடத்திலேயே, ஒரு கையால் தொடையைத் தட்டிக்கொண்டு. "அவகிட்ட சொல்லிராதீங்க."

எடுத்துப்போகலாம் என்று பையைத் திறந்தேன். அப்போது சங்கின் வாயிலிருந்து சிவந்த கால் ஒன்று நீண்டது, பிறகு இன்னொன்று. துறவி நண்டு. மாமா சங்கை அலை ஓரத்தில், வாய் கீழே வரும்படி பார்த்து வைத்தார். சற்று நேரத்தில் அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெரிய வீட்டை இழுத்தபடி தண்ணீருக்குள் போனது.

மூன்றேகாலுக்கு இறங்கிய இடத்துக்கு வந்தால், இறங்கிய இடம் அங்கே இல்லை. கடல் வற்றி, காலையில் முழங்கால் நீர் இருந்த இடம் ஈர மணலாகக் கிடந்தது. படகு தள்ளி நின்றது. அதை நோக்கி நடந்தோம். கேப்டன் கைகொடுத்து ஏற்றும்போது எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒன்றும் கேட்காமல் ஐஸ் பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டில்களை நீட்டினார். தண்ணீருக்கு ருசி உண்டு என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமில்லை.

ஹார்க்கர்ஸ் ஐலண்டில் கார் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் தயிர்சாதம் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினேன். சாலையின் இருபுறமும் மரவீடுகள். சில புதியவை, புயல் வெள்ளத்துக்குப் பயந்து உயரத் தூண்களில் நிற்பவை. சில பழையவை, தாழ்ந்த கூரையோடு சீடார் மரங்களுக்குள் ஒளிந்திருப்பவை. அக்கரையிலிருந்து வந்த வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன என்று இந்த ஊரில் சொல்வதுண்டு, மேலே புதுப் பலகை அடித்து மறைந்துபோய்.

மாமா கண்ணாடி வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளையடித்த ஒரு சின்ன வீடு வந்தது. முன்திண்ணையில் மடவை வலை காய்ந்துகொண்டிருந்தது.

"இதா இருக்குமோ?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அடுத்த வீடு வந்தது.

"இது?"